கெடு முடிந்த உதவித்தொகையும் முடியாத படிப்பும்: மாணவர் அம்பேத்கரின் பத்தாண்டுகள்

போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் விடியும் முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. போடிநாயக்கனூர் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். கல்லூரிகள் திறக்கும் காலத்தை ஒட்டியே காய் எடுப்பும் தொடங்குவதால், அந்தப் பெண்களுக்கு நடுவே கல்லூரி மாணவர் சிலரும் இருப்பதுண்டு. ஓராண்டு படிப்பை நிறுத்தி, கூலி சேர்த்து, அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியில் தொடரலாம் என்ற கணக்கில் மலையேறுபவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு சேர்ந்த பின்னரே உதவித்தொகைக்கு வேறொரு கணக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. எந்த ஆண்டு சேர்ந்தாய், எங்கே சேர்ந்தாய், ஏன் விட்டாய், யாரைக் கேட்டு மாறினாய் என்று அந்தக் கணக்கு கேட்கிறது. இத்தகைய விண்ணப்பங்களுடன் நம்மிடம் வரும் மாணவர்களுக்குச் சட்டத்தைச் சொல்லும் முன் ஒரு மாணவரின் கதையை நாம் சொல்வதுண்டு. அவரும் படிப்பின் நடுவே பல்கலைக்கழகம் மாறியவர். அவருடைய உதவித்தொகைக்கும் கெடு இருந்தது. அந்தக் கெடு அவருடைய படிப்புக்கு முன்பே முடிந்துபோனது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைப் பள்ளிப் பாடநூல்கள் பட்டங்களின் வரிசையாகவே சொல்லிச் செல்கின்றன. கொலம்பியா, லண்டன், பாரிஸ்டர் என்று அடுக்கப்படும் அந்த வரிசையில் இடைவெளிகள் தெரிவதில்லை. உண்மையில் 1913 முதல் 1923 வரையிலான பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் படிப்பை விட்டு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். வழக்கறிஞர்களான நமக்கு அந்த மூன்றாண்டுகளே பட்டங்களைவிட முக்கியமாகப் படுகின்றன.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகனாகப் பிறந்தவர் பீமராவ். 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிக் தேறினார். மகார் சாதியில் அன்று அது பெருஞ்செய்தி. ஓய்வுபெற்ற படைவீரரான தந்தையின் வருவாயில் கல்லூரிப் படிப்பு எட்டாக்கனியாகவே இருந்தது. ஆசிரியரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் முயன்று, பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடிடமிருந்து மாதம் 25 ரூபாய் உதவித்தொகை பெற்றுத் தந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்து, 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார் பீமராவ். சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2 அன்று ராம்ஜி காலமானார்.

அவ்வாண்டே பரோடா அரசு சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களில் ஒருவராக அம்பேத்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1913 ஜூன் 4 அன்று அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் சாரம் எளியது. மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுண்டு வழங்கப்படும். படிப்பு முடிந்ததும் அவர் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் மூன்றாண்டுப் படிப்புக்காகத் தம் வாழ்வின் அடுத்த பத்தாண்டுகளை எழுதிக் கொடுத்தார். சாயாஜிராவின் பெருந்தன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அன்றைய இந்தியாவில் ஒரு தீண்டாதாரைக் கடல் கடந்து அனுப்பத் துணிந்த மன்னர்கள் அரிது. ஆயினும் கொடை வேறு, உரிமை வேறு என்பதை அடுத்த நான்காண்டுகள் அம்பேத்கருக்குக் காட்டின.

1913 ஜூலையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் படித்த பாடங்களின் பட்டியலைப் பார்த்தால் கெடுவுக்குள் எவ்வளவு இயலுமோ அவ்வளவையும் திரட்டிக்கொள்ளும் அவசரம் தெரிகிறது. பொருளியலில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, இவற்றோடு சமூகவியல், மெய்யியல், மானிடவியல், அரசியல். 1915 ஜூனில் பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வேட்டுக்கு எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகளின் தோற்றத்தை அகமண முறையோடு இணைத்து விளக்கும் கட்டுரையை வாசித்தார். கிடைத்த உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கும் அனுப்பினார். பம்பாயில் ரமாபாய் குடும்பத்தை வறுமையோடு நடத்திக்கொண்டிருந்தார்.

கொலம்பியாவோடு நின்றிருந்தால் பரோடாவின் கணக்கும் அவருடைய கணக்கும் பொருந்தியிருக்கும். அவர் நிற்கவில்லை. 1916 ஜூனில் நியூயார்க்கை விட்டு லண்டன் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் லண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன் விடுதியிலும் சேர்ந்தார். இன்றைய அலுவலக மொழியில் சொன்னால், நிறுவனம் மாறினார், நாடு மாறினார், பாடப்பிரிவையும் கூட்டிக்கொண்டார். உதவித்தொகை விதி எழுதும் எந்த அதிகாரியும் ஐயத்தோடு நோக்கும் மூன்று செயல்களை ஒரே ஆண்டில் செய்தார். பொருளியலில் உலகின் மிகச் சிறந்த ஆசிரியர் சிலர் அன்று லண்டனில் இருந்தனர். வழக்கறிஞர் தொழில் எந்த அரசின் தயவும் இன்றி நிற்கக் கூடியது. மாறியதற்குப் போதுமான காரணங்கள் அவரிடம் இருந்தன. ஆனால் உதவித்தொகையின் காலம் அவருடைய காரணங்களுக்காக நிற்கவில்லை. 1917 ஜூனில், லண்டன் படிப்பு ஓராண்டைக்கூட நிறைவு செய்யாத நிலையில், கெடு முடிந்தது. பரோடா அவரைத் திரும்ப அழைத்தது.

கிளம்பும் முன் அவர் செய்த ஒரு செயல், அவருடைய வரலாற்றை எழுதியோர் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுவது. படிப்பு இடையில் நிற்பதைப் பல்கலைக்கழகத்திடம் முறையாகத் தெரிவித்து, 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து ஆய்வைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றார். பேராசிரியர் எட்வின் கேனன் அதற்குத் துணை நின்றார். பணம் தந்தவரின் கெடு முடிந்துவிட்டது. கல்வி தந்தவரின் கெடு நான்காண்டு. முன்னது அவரை வெளியே இழுத்தது, பின்னது அவருக்காக இடத்தை வைத்திருந்தது. அந்த அனுமதி மட்டும் இல்லாதிருந்தால் ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய நூல் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

உலகப்போர்க் காலம். அவருடைய நூல்களும் உடைமைகளும் தனியே வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டிருந்தன. அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் பட்டினி கிடந்து வாங்கிச் சேர்த்த நூல்களில் பல அதோடு போயின. 1917 ஆகஸ்ட் 21 அன்று அவர் பம்பாய் வந்திறங்கினார். பரோடா செல்வதற்கான செலவுக்கும் கையில் பணமில்லை. மூழ்கிய உடைமைகளுக்குக் கிடைத்த காப்பீட்டுத் தொகையே பயணச் செலவுக்கு உதவியது.

பரோடாவில் நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பட்டம் பெற்ற அலுவலரின் மேசையில் கடைநிலை ஊழியர் கோப்புகளைத் தூரத்திலிருந்து எறிந்தனர். குடிநீர் மறுக்கப்பட்டது. தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். செய்தி கசிந்ததும் பார்சிகள் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றினர். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் அடைக்கலம் கேட்டார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். காமாட்டி பாக் தோட்டத்தில் அமர்ந்து இரவு ரயிலுக்காகக் காத்திருந்து பம்பாய் திரும்பினார்.

பத்தாண்டுப் பணி ஒப்பந்தம் சில நாட்களில் முறிந்தது. முறித்தவர் யார் என்பதே சட்டக் கேள்வி. பணிபுரிய வந்தவருக்குத் தலை சாய்க்க ஓரிடம்கூடத் தர இயலாத அரசு, ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்றியதாகச் சொல்ல முடியுமா? பரோடா அதிகாரிகள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. கல்விக்காகச் செலவிட்ட தொகையைத் திருப்பித் தருமாறு அவருக்குக் கடிதங்கள் வந்தன. மன்னரின் கொடை அலுவலகக் கோப்பில் கடன் ஆயிற்று.

அடுத்த மூன்றாண்டுகளில் நான்காண்டு அனுமதி நாள்தோறும் தேய்ந்துகொண்டிருந்தது. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குச் சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சக பேராசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பானைச் சண்டையில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதியை லண்டனுக்காகச் சேமித்தார். அதே காலத்தில், 1920 ஜனவரி 31 அன்று, கோலாப்பூர் சாகு மகாராஜின் ஆதரவோடு மூக்நாயக் இதழைத் தொடங்கினார். மார்ச்சில் வேலையைத் துறந்தார். சேமிப்பு, சாகு மகாராஜின் உதவி, கொலம்பியா நாட்களின் நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு ஜூலையில் கப்பலேறினார். செப்டம்பர் இறுதியில் மீண்டும் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தபோது அனுமதிக் காலத்தில் ஓராண்டே எஞ்சியிருந்தது.

இம்முறை அவரைத் திரும்ப அழைக்க எந்த அரசும் இல்லை, பசி இருந்தது. விடுதியில் கிடைத்த எளிய காலை உணவோடு நூலகம் சென்று, பகல் உணவின்றி மாலை வரை படித்தார். நண்பர் ஒருவர் தந்த அப்பளத்தை இரவில் சுட்டு உண்டார். 1921இல் எம்.எஸ்சி. பட்டம், 1922இல் வழக்கறிஞராகப் பதிவு, அவ்வாண்டு அக்டோபரில் டி.எஸ்சி. பட்டத்துக்கு ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேடு. ஆங்கில அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாகச் சாடிய அந்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தித் தருமாறு திருப்பினர். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். நவம்பரில் பட்டம் உறுதியானது. கொலம்பியா முனைவர் பட்டத்துக்கான மாகாண நிதி பற்றிய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது 1927இல். அந்த நூலை அவர் சாயாஜிராவுக்கே காணிக்கையாக்கினார். தம்மை இடையில் அழைத்துக்கொண்ட அரசின் தலைவருக்குத் தம்மைப் படிக்க வைத்த நன்றியை அவர் மறுக்கவில்லை.

எனினும் கொடையை நம்பி ஒரு சமூகம் படித்துவிட முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார் என்பதை அடுத்து நடந்தவை காட்டுகின்றன. 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு நிதி தருவதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் அரசே நிதி ஒதுக்க வேண்டும் என்று கோரினார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் வேர் இதுவே. ஒரு மன்னரின் மனநிலையைச் சார்ந்திருந்த ஒன்று அரசின் வரவுசெலவுக் கணக்கில் ஓர் இனமாக மாறியது. 1946இல் பம்பாயில் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குச் செல்லும் மாணவர்களுக்காகக் காலை வேளையில் வகுப்புகளை நடத்தியது. சம்பாதித்துக்கொண்டே படிப்பவருக்கு ஏற்பக் கல்லூரியின் நேரம் மாற வேண்டும் என்பது அதன் பொருள். காய் எடுப்புக் காலத்தில் மலையேறும் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான கல்விக் கொள்கை ஒன்றை நாம் இன்னும் கண்டதில்லை.

இன்று நம் கைக்கு வரும் விண்ணப்பங்களில் முரண் இங்கேதான் எழுகிறது. அவர் பெற்றுத் தந்த திட்டத்தின் விதிகளில் பரோடாவின் சாயல் நெடுங்காலமாகத் தொடர்கிறது. மாநில அரசின் முன் அனுமதியின்றிப் பாடப்பிரிவையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகையை நிறுத்தலாம். தந்ததையும் திரும்பப் பெறலாம். ஆண்டின் நடுவே படிப்பை விட்டால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மாணவருடையது. ஒரு கல்வி நிலையை முடித்துவிட்டு, அதே நிலையில் வேறொரு பாடத்தைப் படித்தால் தகுதியில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் ஒருமுறை தோற்றால் மன்னிப்பு உண்டு. மறுமுறை தோற்றால், அடுத்த வகுப்புக்குத் தேறும் வரை செலவு தன்னுடையது. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரே மாணவர் பெயரில் இரு கல்லூரிகள் தொகை பெறும் மோசடிகள் நடக்கின்றன என்பதும் உண்மை. ஆயினும் இந்த விதிகள் கல்லூரியைக் காட்டிலும் மாணவனையே முதலில் ஐயுறுகின்றன. 1916இல் லண்டனுக்கு மாறிய மாணவர் இன்று விண்ணப்பித்தால், முன் அனுமதி எங்கே என்ற கேள்வியிலேயே அவருடைய கோப்பு நின்றிருக்கும்.

போடி மலைச்சரிவில் இன்னொரு முடிச்சும் விழுகிறது. உதவித்தொகையை வழங்க வேண்டியது, மாணவர் நிலையாகக் குடியிருக்கும் மாநிலம். இங்குள்ள குடும்பங்கள் பல தமிழ்நாட்டுச் சேரிக்கும் கேரளத் தோட்ட லயத்துக்கும் இடையே பிரிந்து வாழ்பவை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றால், அந்தத் தகுதி அவரோடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கிலும், பின்னர் 1994இலும் தீர்ப்பளித்தது. எனவே லயத்தில் வளர்ந்து கேரளக் கல்லூரியில் சேரும் மாணவி, அங்கே பட்டியல் சாதியினர் அல்லர் என்று திருப்பி அனுப்பப்படலாம். தேனி மாவட்டத்துக்கு வந்தால் குடியிருப்புச் சான்று எங்கே என்ற கேள்வி எழும். இரு வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் இடையே அலைவதிலேயே விண்ணப்ப நாள் முடிந்துவிடும். மலையின் இருபுறமும் தீண்டாமை அவளைத் தவறாமல் அடையாளம் கண்டுகொள்கிறது. சான்றிதழ் மட்டும் ஒருபுறத்தில் செல்லாததாகிறது.

நிதிப் பங்கீடும் தாமதத்தைப் பெருக்கியது. பல ஆண்டுகள் ஒன்றிய அரசின் பங்கு சுருங்கி, பெருஞ்சுமை மாநிலங்கள் மீது விழுந்தது. போராட்டங்களுக்குப் பின் 2020 டிசம்பரில் 60:40 என்ற பங்கீடு அறிவிக்கப்பட்டு, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் திட்டச் செலவுக்கு ஒப்புதல் தரப்பட்டது. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது நல்லதே. ஆனால் அது வரும்வரை கல்லூரிகள் காத்திருப்பதில்லை. கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் நிறுத்திவைக்கும் கல்லூரிகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் எதிர்கொள்கிறோம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு சென்றால் பாதிக் கல்லூரிகளில் குரல் தணிகிறது.

இவற்றுக்குள்ளும் திறப்புகள் உண்டு. நோய் அல்லது எதிர்பாராத வேறு நிகழ்வால் ஆண்டுத் தேர்வு எழுத இயலாதவருக்கு, உரிய சான்றின் பேரில் உதவித்தொகையை அடுத்த ஆண்டுக்கும் புதுப்பிக்கலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து தாய் படுக்கையில் கிடப்பதும், மண்சரிவால் பாதை அடைபட்டுத் தேர்வு தவறுவதும் எதிர்பாராத நிகழ்வுகளே. முதல்வரிடம் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை பெற்று வைத்திருந்தால் அவற்றை வாதிட முடிகிறது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தவர்களுக்காக வாதிடுவது கடினமாகிறது. கல்லூரி மாறுவதிலும் அப்படியே. டி.சி. வாங்கிய பின் ஆதிதிராவிடர் நலத்துறையிடம் செல்வோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மறுப்பு. வாங்கும் முன், மாறுவதற்கான காரணத்தையும் புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையும் இணைத்து முன் அனுமதி கேட்டு மனு கொடுத்தால், மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டியிருக்கும். காரணம் எழுதப்பட்ட மறுப்பை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம்.

1917இல் ஊர் திரும்ப வேண்டியிருந்த மாணவர், கப்பலேறும் முன் நான்காண்டு அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டதை நாம் இந்த மாணவர்களுக்குச் சொல்வது அதனாலேயே. விண்ணப்பத்தின் இறுதியில், படிப்பை நிறுத்தும் நாளோடு மீண்டும் தொடரவிருக்கும் நாளையும் குறிப்பிட்டு எழுதச் சொல்கிறோம். அந்த இரண்டாம் நாளை எழுதும்போது பலர் தயங்குகிறார்கள். அடுத்த காய் எடுப்பு எப்போது முடியும் என்று விரல் விட்டு எண்ணிவிட்டுத் தேதியை எழுதுகிறார்கள்.